போட்டோ எப்ப கெடைக்கும்?

ஒலிம்பஸ் மியூ-2 என்பது 1997இல் சந்தைக்கு வந்த ஒரு சின்ன ஃபிலிம் கேமரா. பேட்டரி இல்லாமல் 135 கிராம். முன்மூடியை விரலால் தள்ளினால் ஆன் ஆகிவிடும். பட்டனை அழுத்தினால் தூரத்தை அதுவே அளந்துகொள்ளும், வெளிச்சத்தை அதுவே கணக்குப் போடும், எடுத்து முடித்ததும் ரோலை அதுவே அடுத்த படத்துக்குச் சுற்றிவிடும். வந்த காலத்தில் அது பிறந்தநாள், காதுகுத்து, ஏற்காடு டூர் எடுக்கிற வீட்டு கேமரா. இன்றைக்கு ஸ்ட்ரீட் போட்டோகிராஃபி செய்கிற இருபது வயதுக்காரர்கள் மத்தியில் அதற்கும் அதன் சகோதரர்களான யாஷிகா டி-4, ரிக்கோ ஜிஆர்-1, கான்டாக்ஸ் டி-2 போன்றவற்றுக்கும் கிட்டத்தட்ட குலதெய்வ அந்தஸ்து.

இந்த பக்திக்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, சின்னது, அதனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டு, ஆட்டோஃபோகஸ், அதனால் கணத்தைத் தவறவிடமாட்டோம். மூன்று, ஃபிலிம், அதனால் படத்தில் ஒரு உண்மைத்தன்மை வரும். பெங்களூரில் வேலை, தருமபுரி மாவட்டத்தில் ஊர் என்று இருக்கிற நான், சில வருடங்களாக இந்த கேமராவோடு பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று காரணங்களுமே எங்கள் தெருக்களில் செல்லுபடியாகவில்லை என்பது என் அனுபவம். ஆனால் கேமராவை விட மனசில்லை. அது வேறு ஏதோ தருகிறது. அது என்ன என்று யோசிக்கப்போனால், ஸ்ட்ரீட் போட்டோகிராஃபி என்கிற கலைவடிவத்தையே கொஞ்சம் கேள்வி கேட்கவேண்டி வருகிறது.

*

முதலில் 'யாரும் கவனிக்கமாட்டார்கள்' என்பது.

கையடக்க கேமராவின் வரலாற்றில் 1925இல் லைக்கா விற்பனைக்கு வந்தது ஒரு திருப்புமுனை. அதை வைத்துக்கொண்டுதான் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் இந்தக் கலையின் இலக்கணத்தை எழுதினார். கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகள்மீது கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தவர். 1952இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்கு ஆங்கிலத்தில் 'தீர்மானமான கணம்' என்று பொருள்படும் தலைப்பு. பிரெஞ்சுத் தலைப்பின் தொனியே வேறு. லைசென்ஸ் இல்லாத தெருவியாபாரி போலீஸைக் கண்டதும் ஓடத் தயாராக நிற்பதுபோல, அவசரமாக, கள்ளத்தனமாக எடுத்த படங்கள் என்கிற தொனி. எனக்கு அந்தப் பிரெஞ்சுத் தலைப்புதான் நேர்மையானதாகப் படுகிறது. கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு கிளம்புவது என்பது இந்தக் கலையின் அடிப்படையிலேயே இருக்கிறது.

அது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் அந்நியர்களாக இருக்கவேண்டும், அப்படியே பிரிந்தும் போகவேண்டும். பாரிஸ், நியூயார்க், டாய்டோ மொரியாமா ரிக்கோவோடு சுற்றுகிற டோக்கியோவின் ஷின்ஜுகு, எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. "ஏம்ப்பா, நீ யாரு வூட்டுப் பையன்?" என்று ஒரு குரல் வரும். கேமரா எவ்வளவு சின்னது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் பார்ப்பது கேமராவை அல்ல, ஆளை. அந்தக் கேள்வி நலம் விசாரிப்பதும் அல்ல. எந்த ஊர் என்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள், அப்பா பேர் கேட்பார்கள். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் நீங்கள் என்ன சாதி என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கேற்ப உங்களுக்கு டீ வரும், அல்லது வராது.

'ஸ்ட்ரீட்' என்பதைத் 'தெரு' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். அந்த மொழிபெயர்ப்பிலேயே பிரச்சனை ஆரம்பிக்கிறது. எங்கள் கிராமங்களில் தெரு என்பது பொது இடம் அல்ல. அதற்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஊர் ஒன்று, காலனி ஒன்று. ஊர்த்தெருவுக்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு யார் நடக்கலாம், காலனிக்குள் யார் யாரைக் கேட்காமல் நுழைந்துவிட முடிகிறது என்பதெல்லாம் நூறு வருடத்துக்கு மேலாகத் தீர்மானிக்கப்பட்டுக் கிடக்கிறது. வெளியூரிலிருந்து வருகிற போட்டோகிராஃபருக்கு இந்தக் கோடுகள் தெரிவதில்லை. ஷூவும் பேக்கும் அவரை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போய்விடும். காலனியில் அவரை யாரும் தடுப்பதில்லை என்பதை அவர் 'வெள்ளந்தி மனிதர்கள்' என்று கேப்ஷனில் எழுதுவார். தடுக்க முடியாத நிலையில் இருப்பதும் தடுக்காமல் இருப்பதும் வேறுவேறு.

இப்படி எடுக்கப்பட்ட தருமபுரிப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம், முகம் மட்டும். ஒகேனக்கலில் பாறையிலிருந்து குதிக்கிற பையனின் நிழலுரு. எண்ணெய் தேய்த்துவிடுபவரின் கை. சந்தையில் ஆட்டின் கண். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல படம்தான். நூறு படத்தைச் சேர்த்துப் பார்த்தால், இவ்வளவு பேரில் ஒருவர்கூட எடுத்தவரோடு இரண்டு வார்த்தை பேசியதற்கான தடயம் இல்லை என்பது தெரியும்.

*

அடுத்தது ஆட்டோஃபோகஸ்.

பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா கோனிகா சி-35 ஏஎஃப், 1977இல் வந்தது. ஹனிவெல் நிறுவனம் உருவாக்கிய ஒரு சின்ன மாட்யூல், இரண்டு கோணங்களில் தெரிகிற காட்சியை ஒப்பிட்டு தூரத்தைச் சொன்னது. 1979இல் கேனன் ஏஎஃப்-35எம் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது திரும்பி வருகிற கோணத்தைவைத்து தூரத்தை அளந்தது. பின்னால் வந்த பல சின்ன கேமராக்கள் இந்த இரண்டாவது வழியின் வாரிசுகள். இவற்றின் பொதுவான நம்பிக்கை ஒன்றுதான்: முக்கியமான விஷயம் சட்டகத்தின் நடுவில், சில மீட்டருக்குள் இருக்கும். இரண்டு பேர் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தால், பழைய மாடல்களில் கதிர் இருவருக்கும் நடுவே புகுந்து பின்னாலிருக்கிற சுவரைக் கூர்மையாக்கிவிடும். பஸ் ஜன்னல் வழியாக எடுத்தால் கண்ணாடியில் முட்டித் திரும்பி வந்துவிடும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். டீஃபால்ட் என்பது யாரோ எடுத்த முடிவு. பெரும்பாலானவர்கள் மாற்றமாட்டார்கள் என்று தெரிந்தே எடுத்த முடிவு. மியூ-2ஐ ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் ஃபிளாஷ் ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். தெருவில் ஒளிந்து எடுக்க நினைப்பவர்களின் பெரிய புலம்பல் இது. மறந்துவிட்டால் டீக்கடை இருட்டில் பளீரென்று வெட்டிவிடும். கேமராவைச் செய்தவர்கள் ஒளிந்து எடுப்பதை யோசிக்கவே இல்லை, ராத்திரி கேக் வெட்டுகிற குழந்தையைத்தான் யோசித்தார்கள் என்று அர்த்தம்.

வேகமும் அப்படித்தான். பட்டனை அழுத்திய பிறகுதான் லென்ஸ் நகர்ந்து தன் இடத்துக்குப் போகும், பிறகுதான் ஷட்டர். சின்ன இடைவெளிதான், ஆனால் சைக்கிளில் போகிற ஆள் சட்டகத்தைத் தாண்டிவிட அது போதும். ரிக்கோ ஜிஆர்-1இல் 'ஸ்னாப்' என்றொரு வசதி உண்டு. ஃபோகஸை இரண்டு மீட்டரில் பூட்டிவைத்துவிடும். தெருப் புகைப்படக்காரர்கள் அந்த கேமராவைக் கொண்டாட ஒரு முக்கியக் காரணம் இதுதான். அதாவது, அவர்கள் கொண்டாடுகிற ஆட்டோஃபோகஸ் கேமராவின் சிறப்பே ஆட்டோஃபோகஸை அணைக்கமுடிவது.

அணைக்காமல் விட்டால் இந்த கேமரா எதை நன்றாக எடுக்கும்? ஒரு ஆள், நடுவில், இரண்டு மூன்று மீட்டரில், நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பதை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்களை எப்படி எடுக்கவேண்டும் என்று சொல்வார்களோ, அச்சு அசல் அதேதான்.

கிறிஸ்டோபர் பின்னி என்கிற மானுடவியலாளர் மத்தியப் பிரதேசத்தின் நாக்தா பகுதியில் வேலை செய்து எழுதிய 'கேமரா இண்டிகா' 1997இல் வந்தது. அவர் அங்கே எடுத்த இயல்பான, பாதி உடம்பு தெரிகிற படங்களை மக்களிடம் கொடுத்தபோது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகத்தில் நிழல் விழுந்திருக்கிறது, காலைக் காணோம் என்றார்கள். முழு உருவமும், சமமான வெளிச்சமும், நேர்ப்பார்வையும் வேண்டும் என்றார்கள். தருமபுரியில் எந்த ஸ்டுடியோவில் போய்க் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நம் விமர்சன மொழியில் இதற்கு 'விறைப்பு', 'செயற்கை' என்று பெயர். கேண்டிட் என்றால் உயிர்ப்பு, போஸ் என்றால் பொய்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுபது வயது அம்மா ஒருவர் கேமராவைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரிசெய்கிறார், பேரனின் மூக்கைத் துடைக்கிறார், நெட்டாக நிற்கிறார். அந்த ஐந்து நொடியில் அவர் செய்வது, தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று தானே முடிவெடுப்பது. காலம் பூராவும் அடுத்தவர் பார்வைக்கு இஷ்டப்படி கிடைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. கேண்டிட் படம் அவரிடமிருந்து முதலில் பறிப்பது அந்த ஐந்து நொடியைத்தான். இந்த கேமராவின் மந்தமும், க்ர்ர் என்று ரோல் சுற்றுகிற சத்தமும், தப்பித்தவறி வெட்டுகிற ஃபிளாஷும் "எடுக்கிறேன்" என்று அறிவித்துவிடுகின்றன. கேமராவைக் குறைசொல்லும் பட்டியலில் இருக்கிற எல்லாமே இந்த இடத்தில் மரியாதையாக மாறிவிடுகின்றன.

*

மூன்றாவது, ஃபிலிம் தருகிற 'உண்மை'.

ஃபிலிமுக்கென்று ஒரு தமிழ்நாட்டுக் கதையே உண்டு. ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்கிற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல்களையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் செய்தது. 1990களில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. இன்று நாம் போடுகிற ரோல் பெரும்பாலும் கோடக்கோ ஃபியூஜியோ. அந்த வண்ணங்களும் எங்கிருந்தோ தானாக வந்தவை அல்ல. கோடக் பல ஆண்டுகள் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி கார்டு' என்பார்கள். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. உச்சிவெயிலில் வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த மனிதரை ஆட்டோ எக்ஸ்போஷரில் எடுத்தால் சட்டை வரும், முகம் இருண்டுபோகும். இன்ஸ்டாகிராமில் 'மூட்' என்று பாராட்டப்படுகிற இருட்டில் பாதி இதுதான்.

ஆக, ஃபிலிமின் அழகு பற்றி எனக்கு பெரிய மயக்கம் கிடையாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எடுத்ததைக் காட்ட முடியாது.

ஃபோனில் எடுத்தால் "காட்டு" என்பார்கள். பார்ப்பார்கள், சிரிப்பார்கள், முடிந்தது. கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டதாக இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்ளும். மியூ-2இல் பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக். காட்ட ஒன்றும் இல்லை. அதனால் கேள்வி மாறிவிடுகிறது: "போட்டோ எப்ப கெடைக்கும்?"

நாற்பதைத் தாண்டியவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ரோல் கேமரா தெரியும். 36 படம், கழுவக் கொடுக்கணும், பிரிண்ட் போடணும். யாரோ காசு செலவழித்து ஒரு படத்தை எடுத்தால், எடுக்கப்பட்டவருக்கு ஒரு காப்பி வந்துசேரும் என்பது அந்தக் காலத்து எழுதாத ஒப்பந்தம். கல்யாண வீட்டில் அப்படித்தான், கோயில் திருவிழாவில் அப்படித்தான். 'கிடைக்குமா' என்று அவர்கள் கேட்பதில்லை, 'எப்ப' என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. இப்போது ரோல் விலை, கழுவுகிற கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு படத்துக்கு முப்பது நாற்பது ரூபாய் ஆகிறது. பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பிரிண்ட் போட்டு, மறுபடி ஊருக்கு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் நான் கடன்காரன்.

இந்தக் கலையின் நாயகர்களில் ஒருவரான கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது, கழுவப்படாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 விட்டுச்சென்றார். தொண்ணூறாயிரம் படம். அதைத் தீராத வேட்கையின் சான்றாகச் சொல்வார்கள். நியூயார்க்கில் யாரும் அவரிடம் படம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காதில் விழுவது தொண்ணூறாயிரம் "எப்ப கெடைக்கும்?"

*

இதெல்லாம் நல்லபிள்ளைத்தனமான நாகரிகப் பேச்சு என்று தோன்றலாம். அதனால் கடைசிவரை போய்ப் பார்க்கவேண்டும்.

ராபர்ட் துவானோ 1950இல் பாரிஸ் நகராட்சிக் கட்டடத்தின் முன் முத்தமிடும் ஜோடியை எடுத்த படம் உலகத்தில் எத்தனை ஹாஸ்டல் சுவர்களில் தொங்கியிருக்கும் என்று கணக்கே இல்லை. அது தெருவில் தற்செயலாகப் பிடித்ததல்ல, அந்த ஜோடியை நிற்கவைத்து எடுத்தது என்பது நாற்பது வருடம் கழித்துத் தெரியவந்தது. ஏமாற்று என்று பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது நிம்மதியான செய்தி. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அதே படத்தை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் வைத்து யோசியுங்கள். முத்தமெல்லாம் வேண்டாம். காலேஜ் பையனும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஃபோனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாலை வெயில், பின்னால் பஸ்ஸின் சிவப்பு. எந்த ஸ்ட்ரீட் போட்டோகிராஃபி வகுப்பும் எடு என்றுதான் சொல்லும். ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்ட மாவட்டம் இது. அடுத்த வருடம் ஜூலையில் இளவரசன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இறந்துகிடந்தார். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிற யாரோ ஒருவருக்குத் தெரியும். 'யாரு வூட்டுப் பையன்' என்கிற கேள்வி அங்கே என்ன வேலை செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபோனில் எடுத்தால் அந்தப் படம் ஒரு நிமிடத்தில் ஸ்டேட்டஸ் ஆகிவிடும். ஃபிலிமில் எடுத்தால் இரண்டு வாரம் இருக்கிறது. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் வந்துவிடும், அதே இன்ஸ்டாகிராம் அப்போதும் இருக்கும். கேமரா தருவது அவகாசம் மட்டும்தான். அந்த அவகாசத்தில் என்ன யோசிக்கிறோம் என்பது நம் பொறுப்பு. சில படங்களை எடுக்காமலே விடவேண்டும். எடுத்தாலும் நெகட்டிவிலேயே இருக்கவேண்டிய படங்கள் உண்டு. 'நல்ல படம்' என்பது எல்லாவற்றையும் மன்னித்துவிடும் வார்த்தை அல்ல.

*

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அனுமதி கேட்டு, போஸ் கொடுக்கவைத்து, பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுத்து என்று ஆரம்பித்தால் புகைப்படம் வெறும் அன்பளிப்பாகிவிடாதா? லத்தியை ஓங்குகிற போலீஸ்காரரிடம் அனுமதி கேட்கமுடியுமா?

கேட்கவேண்டியதில்லை. கடன் என்பது எப்போதும் அதிகாரம் குறைந்தவருக்கு நாம் படுகிற கடன். லத்திக்காரருக்கு நான் எதுவும் படவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் எம். பழனிகுமார். மலக்குழி மரணங்களில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களை அவர் தொடர்ந்து படமெடுத்திருக்கிறார். அவை யாருக்கும் இனிப்பான படங்கள் அல்ல. ஆனால் அதில் இருப்பவர் யார், எந்த ஊர், யாரை இழந்தார் என்பது படத்தோடு சேர்ந்தே வருகிறது. கடுமைக்கும் மரியாதைக்கும் பகை இல்லை என்பதற்கு தமிழில் நமக்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பெயர் என்கிற விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு பழைய மரபு ஒன்று இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கப்போய்ச் செத்தவன், ஊர்ப்பூசலில் விழுந்தவன் என்று ஆட்களை வில்லோடும் வாளோடும் கல்லில் செதுக்கி, மேலே நாலு வரி எழுதியிருப்பார்கள். எந்த அரசன் காலம், யாருடைய சேவகன், எந்தச் சண்டை, பெயர் என்ன. செத்தவனுக்கு ஊர் பட்ட கடனை அடைப்பதற்காக எடுக்கப்பட்ட உருவப்படங்கள் அவை. பக்கத்து திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், திருடர்களோடு சண்டை போட்ட நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் நாய்க்குக் கிடைத்தது, இன்றைய தெருப்படத்தில் இருக்கிற பாட்டிக்குக் கிடைப்பதில்லை. அவருக்கு 'தருமபுரி, 2023' என்றுதான் பெயர்.

எல்லாப் படத்துக்கும் கீழே பெயர் போடவேண்டும் என்று சொல்லவில்லை. பெயர் போடுவதே ஆபத்தாகிற இடங்களை மேலேதான் பார்த்தோம். ஆனால் எடுத்தவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்கவேண்டும். கிராமத்து வீடுகளில் கொண்டுபோய்க் கொடுத்த பிரிண்ட் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டோடு போய்ச் சேர்கிறது. சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகப்படுகிறது. ஒருநாள் ஸ்டுடியோவில் அதைக் கொடுத்து, கூட இருப்பவர்களை வெட்டிவிட்டு, பெரிதாக்கி, மாலை போடுகிறார்கள். எங்கோ ஒரு கண்காட்சிச் சுவரில் தொங்குவதைவிட அந்தப் படத்துக்கு அங்கே வேலை அதிகம்.

ஒரு தெருப்படத்தை மதிப்பிட எனக்கு இப்போது ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, எடுத்த அதே தெருவுக்கு, அதில் இருப்பவரிடம் திரும்பிப் போகமுடியுமா? போகமுடியும் என்றால் அடுத்ததாக கம்போசிஷன், வெளிச்சம், கணம் என்று எல்லாவற்றையும் பேசலாம், சண்டைகூடப் போடலாம். போகமுடியாது என்றால் அந்தப் படத்தில் எவ்வளவு அழகு இருந்தாலும் அது அவருடைய அழகு, எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மியூ-2 வாங்கலாமா என்று கேட்கிற நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: தாராளமாக வாங்குங்கள், கூடவே பிரிண்ட் போடுகிற செலவையும், திரும்பிப் போகிற பஸ் டிக்கெட்டையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள்.